இடிமேகத்தில் ஏறும் புரோமின்

ஹவாய்த் தீவுகளின் சாப்பாட்டில் லிமு கோஹு என்ற சிவப்புக் கடற்பாசிக்குத் தனி மரியாதை உண்டு. அலை மோதும் பாறை விளிம்பில் பறித்து, மணல் போக அலசி, நன்னீரில் ஊறவைத்து, உப்பிட்டுச் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். பச்சை மீன் துண்டுகளில் ஒரு கிள்ளு சேர்த்தாலே தட்டு முழுக்க நெடி ஏறிவிடும். அந்த மணத்துக்குக் காரணம் என்ன என்று 1970களில் ஹவாய்ப் பல்கலைக்கழக வேதியியலாளர் ரிச்சர்ட் மூரும் அவருடைய குழுவினரும் தேடினார்கள். பாசியிலிருந்து பிரித்தெடுத்த எண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் ஒரே பொருளாக இருந்தது. அதுதான் புரோமோஃபார்ம்.

ஒரு கார்பன், ஒரு ஹைட்ரஜன், மூன்று புரோமின். அவ்வளவுதான் அந்த மூலக்கூறு. குளோரோஃபார்மில் குளோரின் இருக்கும் இடத்தில் இதில் புரோமின் இருக்கிறது. தூய நிலையில் தண்ணீரைவிட மூன்று மடங்கு கனமான திரவம் என்றாலும் எளிதில் ஆவியாகிவிடும். கடலில் கரைந்திருக்கும் கொஞ்சமும் காற்றடிக்கும்போது மேலே கிளம்பிவிடும். இதோடு டைபுரோமோமீத்தேன், மீத்தைல் புரோமைடு என்று இன்னும் சில வாயுக்களும் வெப்பமண்டலக் கடல்களிலிருந்து இரவும் பகலும் காற்றில் கலக்கின்றன. அளவு என்னவோ அற்பம்தான். ஆனால் தலைக்கு மேலே 17 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஓசோனின் வரவுசெலவுக் கணக்கு இவற்றை விட்டுவிட்டால் நேராவதில்லை.

கடலில் புரோமினுக்குப் பஞ்சமில்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன, அவற்றில் 65 மில்லிகிராம் அளவு புரோமைடு. 1826இல் பிரான்சின் மோன்பெல்லியே நகரில் அந்துவான் பலார் என்ற இளைஞர் அந்தத் தனிமத்தைப் பிரித்துக் காட்டினார். உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் குளோரின் வாயுவைச் செலுத்தினார். நீர் செம்மஞ்சளாக மாறியது. குளோரின் உள்ளே போய்ப் புரோமினை வெளியே தள்ளிவிட்டிருந்தது. இன்றும் தொழிற்சாலைகளில் புரோமின் எடுப்பது அடிப்படையில் இதே வழியில்தான்.

பாசிக்குக் குளோரின் வாயு கிடைக்காது. அதன் கையில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. வெயிலில் ஒளிச்சேர்க்கை வேகமெடுக்கும்போது செல்லுக்குள் தானாகவே உருவாகிச் சேரும் பொருள் அது. சேர விட்டால் செல்லையே அரித்துவிடும். பல கடற்பாசிகளில் இதைக் கையாளவே ஒரு நொதி இருக்கிறது. அதன் நடுவில் வனேடியம் என்ற உலோகம் உட்கார்ந்திருக்கிறது. உயிர்களின் நொதிகளில் வனேடியத்தைப் பார்ப்பதே அபூர்வம். 1984இல் ஹான்ஸ் வில்ட்டர் என்ற ஆய்வாளர் குளிர்க்கடலின் பழுப்புப் பாசி ஒன்றில் இதைக் கண்டறிந்தபோது அது புதுச் செய்தி. இந்த நொதி பெராக்சைடையும் கடல்நீரின் புரோமைடையும் சேர்த்து ஹைப்போபுரோமஸ் அமிலம் என்ற வீரியமான பொருளை உண்டாக்குகிறது. பக்கத்தில் எந்தக் கரிமப் பொருள் கிடைத்தாலும் அந்த அமிலம் அதில் புரோமினைக் கோத்துவிடும். கோத்தது உடைந்து சிதறும்போது புரோமோஃபார்ம் பிறக்கிறது.

இதனால் பாசிக்கு என்ன லாபம்? லிமு கோஹுவின் இனமான ஆஸ்பராகோப்சிஸ் பாசிகளில் புரோமின் சேர்மங்களைச் சேமித்து வைப்பதற்கென்றே பளபளக்கும் சுரப்பிச் செல்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்தப் பாசியைப் புரோமைடு நீக்கிய செயற்கைக் கடல்நீரில் வளர்த்துப் பார்த்தார்கள். பாசி வளர்ந்தது, ஆனால் சுரப்பியில் சரக்கு இல்லை. மேற்பரப்பில் பாக்டீரியாக்கள் கூடுதலாகக் குடியேறிவிட்டன. நோய்க்கிருமிகளும் மேயும் உயிர்களும் நிறைந்த வெப்பக்கடலில் ஓடி ஒளிய வழியில்லாத உயிர், தன் உடம்பையே மருந்துக்கடையாக்கிக்கொண்டிருக்கிறது. கடல்வாழ் உயிர்கள் இப்படி உண்டாக்கும் புரோமின் சேர்மங்களில் இதுவரை அடையாளம் கண்டவை 2000க்கும் மேல். பழைய ரோமானிய அரசர்களின் ஊதா ஆடைக்கு நிறம் தந்த சங்கின் சாயமும் ஒரு புரோமின் சேர்மமே. 1909இல் பவுல் ஃப்ரீட்லாண்டர் 12,000 சங்குகளை உடைத்து 1.4 கிராம் சாயம் எடுத்துத்தான் அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்.

மலேசியாவின் போர்ட் டிக்சன் அருகே தஞ்சோங் துவான் என்ற முனை மலாக்கா நீரிணைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. கடல் வற்றும் நேரத்தில் அங்கே பாறைத்திட்டு முழுவதும் பழுப்பும் பச்சையுமாகப் பாசி விரிந்து கிடக்கும். மலாயாப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெப்பமண்டலப் பாசிகளின் வாயுக்களை அளந்த இடங்களில் இதுவும் ஒன்று. வேலை எளிமையாகத் தோன்றும், ஆனால் நுட்பமானது. பறித்த பாசியை மேலே ஒட்டியிருக்கும் சிறு நத்தைகளும் மணலும் போகத் துடைத்து, கண்ணாடிக் குடுவையில் கடல்நீரோடு காற்றிடைவெளி இல்லாமல் அடைத்து, வெளிச்சத்தில் வைப்பார்கள். பிறகு அந்த நீரில் தூய வாயுவைக் குமிழியிட்டுச் செலுத்தினால் கரைந்திருக்கும் புரோமின் சேர்மங்கள் குமிழிகளோடு கிளம்பி வரும். அவற்றைக் கடுங்குளிரூட்டிய மெல்லிய குழாயில் உறையவைத்துப் பிடித்து, சட்டென்று சூடேற்றிக் கருவிக்குள் அனுப்பினால் எந்தப் பொருள் எவ்வளவு என்று தெரியும். பாசி இல்லாமல் வெறும் கடல்நீர் வைத்த குடுவையும் பக்கத்திலேயே இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பாசியின் பங்கு.

மலாயாப் பல்கலைக்கழகத்தார் ஒளியின் அளவைக் கூட்டியும் குறைத்தும் மூன்று பழுப்புப் பாசிகளைச் சோதித்தார்கள். அதில் ஒன்று டர்பினேரியா கோனாய்டெஸ். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் இதைப் பக்கோடா பாசி என்பார்கள். மற்றவை சார்காஸம், பெடினா இனங்களைச் சேர்ந்தவை. அவற்றின் உறவுகளும் ராமநாதபுரம் கடலோரத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. போர்ட் டிக்சனில் அளந்தது ஒரு வகையில் நம் கடலின் பாசியைத்தான்.

பெரிய பாசிகள் பெரும்பாலும் கரையோரத்தில்தான் வளரும். நடுக்கடலில் அந்த வேலையைக் கண்ணுக்குத் தெரியாத மிதவை நுண்ணுயிர்கள் செய்கின்றன. ஜெர்மனியின் கீல் நகரத்துக் கடலாய்வாளர் பிர்கிட் குவாக்கும் அவருடைய குழுவினரும் அட்லாண்டிக்கின் பூமத்தியரேகைப் பகுதியில் ஆழம் ஆழமாக நீர் எடுத்துப் பார்த்தபோது புரோமோஃபார்ம் மேற்பரப்பில் அதிகமாக இல்லை. வெப்பநீரும் குளிர்நீரும் சந்திக்கும் ஆழத்தில், நுண்பாசிகள் அடர்ந்திருக்கும் அடுக்கில்தான் குவிந்திருந்தது. ஆழத்து நீர் மேலெழும்பும் இடங்களில் அது காற்றுக்கு வந்து சேர்கிறது.

மொத்தம் எவ்வளவு? உலகக் கடல்களிலிருந்து ஆண்டுதோறும் புரோமோஃபார்ம் வழியாகக் காற்றில் ஏறும் புரோமின் ஒரு லட்சத்துச் சொச்சம் டன் என்று ஒரு கணக்கு சொல்கிறது, 8 லட்சம் டன் என்று இன்னொரு கணக்கு சொல்கிறது. இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணம் கரைதான். நடுக்கடலில் நூறு கிலோமீட்டர் போனாலும் அளவு அதிகம் மாறாது. கரையோரத்தில் பாசி அடர்ந்த பாறையும் வெறும் மணற்கரையும் அடுத்தடுத்து இருக்கும். ஏற்றத்தில் ஓர் அளவு, வற்றத்தில் ஓர் அளவு, உச்சி வெயிலில் வேறோர் அளவு. நாலு இடத்தில் எடுத்த மாதிரியை வைத்து ஒரு நாட்டின் கரை முழுவதற்கும் கணக்குப் போட்டால் விடை எப்படி வேண்டுமானாலும் வரும்.

காற்றில் இதன் செறிவோ நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. வெப்பமண்டலத் திறந்த கடலின் மேல் லட்சம் கோடி காற்று மூலக்கூறுகளில் ஏறக்குறைய ஒன்றுதான் புரோமோஃபார்ம். அதற்கு ஆயுளும் சொற்பம், வெயில் பட்டால் இரண்டு மூன்று வாரத்தில் சிதைந்துவிடும். டைபுரோமோமீத்தேன் சில மாதங்கள் தாங்கும். ஓசோனை அழித்த குளிர்பதன வாயுக்கள் ஐம்பது நூறு ஆண்டுகள் காற்றில் சுற்றியவை. அவற்றோடு ஒப்பிட்டு இந்த அற்பாயுசு வாயுக்கள் மேலே போய்ச் சேரும் முன்பே அழிந்துவிடும் என்று நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

வெப்பமண்டலத்தின் இடிமேகங்களை அந்தக் கணக்கு மறந்திருந்தது. பூமியின் பெரும்பகுதியில் தரைக்காற்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம் போய்ச்சேர வாரக்கணக்கில் ஆகும். பூமத்தியரேகையை ஒட்டிய சூடான கடல்களின் மேல் மதியத்துக்குப் பின் திரளும் இடிமேகமோ ஒரு லிஃப்ட் போல. கடல்மட்டத்துக் காற்றை அள்ளிச் சில மணி நேரத்தில் 14, 15 கிலோமீட்டரில் இறக்கிவிடும். இரண்டு வாரம் ஆயுள் உள்ள வாயுவுக்கு அதுவே தாராளம். அங்கிருந்து காற்று மெதுவாக மேலேறி ஓசோன் அடுக்குக்குள் நுழைகிறது. எனவே ஒரு வாயு எவ்வளவு உமிழப்படுகிறது என்பதைவிட எங்கே, எந்தப் பருவத்தில் உமிழப்படுகிறது என்பதுதான் இங்கே முடிவு செய்கிறது. நார்வே கரையின் பாசி விடும் ஒரு கிலோ புரோமோஃபார்மும் போர்னியோ கரையின் பாசி விடும் ஒரு கிலோவும் ஓசோனுக்கு ஒன்றல்ல.

இதை நேரில் பார்க்க 2011 இறுதியில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் போர்னியோவுக்குப் போனார்கள். சரவாக்கின் மிரி நகரிலிருந்து ஜெர்மானிய ஆய்வு விமானம் ஃபால்கன் பறந்தது, தென்சீனக் கடலிலும் சுலு கடலிலும் சோன்னே என்ற கப்பல் நீரையும் காற்றையும் அளந்துகொண்டே போனது. 2014 ஜனவரி, பிப்ரவரியில் பசிபிக்கின் குவாம் தீவில் இன்னும் பெரிய முயற்சி நடந்தது. பிரிட்டிஷ் விமானம் ஒன்று கடலை ஒட்டிய கீழ் உயரத்தைப் பார்த்துக்கொண்டது. அமெரிக்க வளிமண்டல ஆய்வு மையத்தின் கல்ஃப்ஸ்ட்ரீம் விமானம் மேகங்கள் காற்றைக் கொண்டுபோய் விடும் 12 முதல் 15 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. அதற்கும் மேலே நாசாவின் ஆளில்லா விமானமான குளோபல் ஹாக். மூன்றும் ஒரே பருவத்தில் ஒரே வானத்தின் மூன்று மாடிகளை அளந்தன. விமானத்தில் அடுக்கியிருந்த ஸ்டீல் குடுவைகளில் வழிநெடுகக் காற்றை நிரப்பி, பின்னர் ஆய்வகத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து பிரித்துப் பார்த்தார்கள். ஓசோன் அடுக்கின் 17 கிலோமீட்டர் வாசலிலும் கடற்பாசியின் வாயுக்களும் அவை உடைந்து மிஞ்சிய புரோமினும் இருந்தன.

அளந்த எண்களைக் கணக்கில் வைத்தால் படம் தெளிவாகிறது. ஓசோன் அடுக்கில் இன்று இருக்கும் புரோமின் மொத்தம் லட்சம் கோடியில் சுமார் 20 பங்கு. அதில் ஒரு பகுதி தீயணைப்புக்குப் பயன்பட்ட ஹாலான்களிலிருந்து வந்தது, முழுக்க மனிதர் செய்தது. இன்னொரு பகுதி மீத்தைல் புரோமைடு. அது தானியக் கிடங்குகளிலும் வயல்களிலும் புகையூட்டப் பயன்பட்டது, அதோடு கடலும் செடிகளும் காட்டுத்தீயும் இயற்கையாகவும் உமிழ்வது. மீதி 5 பங்கு, அதாவது ஏறக்குறைய நாலில் ஒன்று, கடல் விடும் அற்பாயுசு வாயுக்களிலிருந்து வருகிறது.

இருபது பங்கு என்பது குளோரினோடு பார்க்கையில் மிகக் குறைவு. ஆனால் அணுவுக்கு அணு ஓசோனை அழிப்பதில் புரோமின் குளோரினைப் போல ஏறக்குறைய 60 மடங்கு வீரியம் உள்ளது. குளோரின் அணு ஓசோனைத் தாக்கிக்கொண்டிருக்கும்போதே மீத்தேனைச் சந்தித்தால் அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி ஹைட்ரோகுளோரிக் அமிலமாக மாறி அடங்கிவிடும். புரோமினுக்கு அந்த வலு கிடையாது, மீத்தேனிடம் அது சிக்குவதில்லை. வேறு சேர்மங்களில் மாட்டினாலும் வெயில் பட்டதும் விடுபட்டுவிடும். எனவே பெரும்பாலான நேரம் அது வேட்டையிலேயே இருக்கிறது.

மாண்ட்ரியல் ஒப்பந்தம் 1987இல் கையெழுத்தானது. 1992இல் மீத்தைல் புரோமைடும் அதன் பட்டியலில் சேர்ந்தது. வளர்ந்த நாடுகள் 2005க்குள்ளும் மற்ற நாடுகள் 2015க்குள்ளும் அதைக் கைவிட ஒப்புக்கொண்டன, ஏற்றுமதிச் சரக்குகளில் பூச்சி ஒழிக்கும் பயன்பாட்டுக்கு விலக்கு உண்டு. பலன் கண்கூடு. 1990களின் கடைசியில் லட்சம் கோடியில் 9க்கு மேல் இருந்த அந்த வாயு இப்போது ஏழுக்கும் கீழே. மனிதர் விட்டது குறையக் குறைய, கடல் விடுவதன் விகிதம் கூடிக்கொண்டே போகிறது. கடல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. அதனிடமிருந்து வருவதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம், பல லட்சம் ஆண்டுகளாக ஓசோன் அடுக்கு அதோடுதான் வாழ்ந்து வந்திருக்கிறது. ஆனால் அந்த இயற்கை அளவைச் சரியாக அறியாமல் மனிதர் செய்த கேடு எவ்வளவு மீண்டிருக்கிறது என்று சொல்ல முடியாது.

புரோமின் காற்றுக்கு வரும் வாசல் பாசி மட்டுமல்ல. அலை உடையும்போது தெறிக்கும் உப்புத் துளிகளிலிருந்தும் வேதிவினைகள் புரோமினைக் கழற்றி விடுகின்றன. கடலை ஒட்டிய கீழ்க்காற்றில் பெரிய வழியே அதுதான். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகளில் 2006, 2007இல் பல மாதங்கள் நடந்த அளவீட்டில், நீரின் மேலாகப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு ஒளிக்கற்றையை அனுப்பி அதில் எந்த நிறங்கள் குறைந்து திரும்புகின்றன என்று பார்த்தார்கள். புரோமின் மோனாக்சைடும் அயோடின் மோனாக்சைடும் தென்பட்டன. இவை இல்லாமல் போட்ட கணினிக் கணக்கைவிட அங்கே 50 சதவீதம் கூடுதலாக ஓசோன் அழிந்துகொண்டிருந்தது. இது கீழே, கடல்மட்டத்தில் இருக்கும் ஓசோன். நுரையீரலுக்குக் கெடுதலானது, வெப்பத்தைப் பிடித்து வைப்பது. மேலே தீங்கு செய்யும் புரோமின் கீழே துப்புரவும் செய்கிறது. கரீபியனின் மொன்செராட் தீவில் சூஃப்ரியர் ஹில்ஸ் எரிமலைப் புகையிலும் இதே புரோமின் மோனாக்சைடை ஆய்வாளர்கள் கண்டு 2003இல் வெளியிட்டார்கள்.

இயற்கை எது, மனிதர் செய்தது எது என்று கோடு கிழிப்பதும் இங்கே எளிதல்ல. கடலோர அனல்மின், அணுமின் நிலையங்கள் குளிர்விக்கக் கடல்நீரை எடுக்கும்போது குழாயில் சிப்பியும் கொட்டலசும் ஒட்டாமல் இருக்க அதில் குளோரின் சேர்க்கின்றன. பலார் உப்புப் பாத்தி நீரில் செய்தது அப்படியே இங்கும் நடக்கிறது. குளோரின் உள்ளே போகிறது, புரோமின் விடுபடுகிறது, நீரில் உள்ள கரிமப் பொருளோடு சேர்ந்து புரோமோஃபார்மாகிறது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் குளிர்நீரிலும் இந்தத் துணைப்பொருள்களை ஆராய்ந்திருக்கிறார்கள். மின்நிலையங்கள் நெருங்கிய கிழக்காசியக் கரைகளில் காற்றில் காணும் புரோமோஃபார்மில் கணிசமான பங்கு இந்த வழியில் வருவதே என்று அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. பாசியின் மூலக்கூறுக்கும் மின்நிலையத்தின் மூலக்கூறுக்கும் வேறுபாடு எதுவும் கிடையாது. காற்றை மட்டும் அளந்து பார்த்தால் யாருடையது என்று தெரியாது.

இந்துமாக்கடலின் கதை பருவக்காற்றோடு பின்னியது. 2014 ஜூலை, ஆகஸ்டில் சோன்னே கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ரியூனியன், மொரீஷியஸ் வழியாக மாலத்தீவு வரை அளந்துகொண்டே வந்தது. மேற்கு இந்துமாக்கடல் புரோமோஃபார்மைத் தாராளமாக விடுகிறது என்று தெரிந்தது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் காற்றை இந்தியாவைத் தாண்டி வங்காள விரிகுடாப் பக்கம் இழுத்து வருகிறது. அங்கே திரளும் மழைமேகங்கள் அதை மேலே தூக்கிவிடுகின்றன.

இந்த இடத்தில் பாக் நீரிணையின் பாசி வளர்ப்பு கணக்குக்குள் வருகிறது. மண்டபத்திலிருந்து தொண்டி வரை 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவைகளில் கப்பாஃபைகஸ் பாசியைக் கட்டி வளர்த்து 45 நாளில் அறுவடை செய்கிறார்கள். பெரும்பாலும் மீனவக் குடும்பத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து செய்யும் வேலை அது. ராமநாதபுரம் மாவட்டத்தின் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். மலேசியாவில் சோதித்த பாசிகளில் இதே கப்பாஃபைகஸும் உண்டு. அதுவும் புரோமின் வாயுக்களை விடுகிறது, ஆனால் தென்கிழக்காசியாவில் காட்டுப்பாசி விடுவதோடு ஒப்பிட்டால் வளர்ப்புப்பாசியின் பங்கு இன்றைக்குச் சிறியதே. ஒரு குடும்பத்தின் வருமானத்தை இதைக் காட்டி அச்சுறுத்த எந்த நியாயமும் இல்லை.

வேறுவிதமான பாசி வேறுவிதமான கேள்வி கேட்கிறது. லிமு கோஹுவையும் அதன் இனத்தையும் மாட்டுத் தீவனத்தில் மிகச் சிறிதளவு சேர்த்தால் மாடு ஏப்பமாக விடும் மீத்தேன் வெகுவாகக் குறைகிறது. 2020இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 98 சதவீதம் வரை குறைந்தது. வேலை செய்வது அதே புரோமோஃபார்ம்தான், மாட்டின் இரைப்பையில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களை அது முடக்குகிறது. இதை நம்பிப் பெரும்பண்ணைகள் கிளம்பியபோது ஓசோனுக்கு என்ன ஆகும் என்று 2022இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் தேவைக்கு அங்கேயே வளர்த்தால் பாதிப்பு புறக்கணிக்கத் தக்கதே என்பது விடை. ஆனால் அதே பண்ணையைத் தெற்கிலிருந்து வெப்பமண்டல டார்வினுக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தபோது பாதிப்பு கூடியது. பாசி அதேதான், மேலே இருந்த மேகம்தான் வேறு. பாக் நீரிணையில் புதிய பாசி எதையும் பெருவாரியாக வளர்க்க முனையும் முன், வற்றத்திலும் உச்சி வெயிலிலும் பருவமழை மாதங்களிலும் குடுவைகளோடு இறங்கி அளந்துவிட வேண்டும். அதற்கான கருவிகளும் வழிமுறையும் போர்ட் டிக்சனில் பாறைமேல் நின்று அளந்தவர்களுக்குக் கிடைத்தவைதான். மண்டபத்தில் கடற்பாசி ஆராய்ச்சிக்கென்றே மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் இருக்கிறது.